கத்தியா, மருந்தா? குரோன் குடல் நோயில் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு

(லாபு வட்டாரத் தோட்ட மக்களுக்காக அறவாரியத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

வயிற்று வலியைப் பற்றி ஆலயத்தில் பேசலாமா என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. நம் சமயக் குரவர் நால்வரில் ஒருவரான திருநாவுக்கரசர் சுவாமிகளைத் திருவதிகைக்குத் திரும்ப அழைத்து வந்ததே சூலை நோய்தான். வயிற்றைக் குடைந்த அந்த வலியோடு அவர் தம் தமக்கையார் திலகவதியாரிடம் வந்து சேர்ந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அந்த நோய்க்கு நாம் இன்றைய மருத்துவப் பெயர் எதையும் சூட்ட வேண்டாம். ஆனால் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர் வலியை மறைக்கவில்லை. தம் நலம் நாடும் ஒருவரைத் தேடிச் சென்றார். அந்த அம்மையாரும் பழையதைப் பேசிக் கதவைச் சாத்தவில்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வயிற்று நோய் என்றால் வெட்கம். அடிக்கடி வயிற்றால் போகிறது என்று சொல்ல வெட்கம். ஆசனவாய் ஓரத்தில் சீழ் வடிகிறது என்று சொல்ல அதைவிட வெட்கம். பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம் வேறு. இப்படி மறைத்து மறைத்து நாள் கடத்தினால், இறுதியில் முடிவை நாம் எடுப்பதில்லை, நோயே எடுத்துவிடுகிறது. நள்ளிரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் அந்த முடிவு நம் கைக்கு வருகிறது. அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இந்த உரை.

குரோன் நோய் என்பது என்ன?

நம் குடலின் உட்சுவரில் நீண்ட நாள் அழற்சி உண்டாகிப் புண்ணாகும் நோய்களில் ஒன்று குரோன் நோய். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எந்தப் பகுதியையும் இது தாக்கலாம். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தைத்தான் மிகுதியாகத் தாக்குகிறது. அதாவது வலது அடிவயிறு. குடல்வால் இருக்கும் இடமும் அதுதான். ஆகவே, சிலரைக் குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை மேசையில் படுக்க வைத்த பிறகே நோய் தெரியவந்ததும் உண்டு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டால்ஸியல் என்ற அறுவை மருத்துவர் 1913-ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1932-இல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். முதலில் இருந்த பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது.

நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, குடலில் இருக்கும் கிருமிகளுக்கு எதிராக அளவுக்கு மீறிக் கிளர்ந்தெழுவதால் இந்த அழற்சி நீடிக்கிறது. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. சூழலுக்கும் உணவுப் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இது தொற்று நோயல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளாது. முன்வினையும் அல்ல, செய்வினையும் அல்ல. இன்றைய மருத்துவத்தால் இதை வேரோடு பிடுங்க முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ முடியும்.

இதைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? பேராக் மாநிலத்தில் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு ஒன்றை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் உள்ளிட்ட குழுவினர் 2015-இல் வெளியிட்டனர். குரோன் நோயையும் அதன் உறவு நோயான பெருங்குடல் புண் அழற்சியையும் சேர்த்து அவர்கள் கணக்கெடுத்தார்கள். ஆண்டுக்கு இலட்சம் பேரில் புதிதாக இந்நோய்கள் காணப்பட்டவர்கள் மலாய்க்காரரிடையே 0.35, சீனரிடையே 0.63, இந்தியரிடையே 1.91. எண்ணிக்கை சிறியதுதான், இது இன்னும் அரிய நோய்தான். ஆனாலும் மூன்று இனத்தாரில் நம்மவரிடையேதான் அதிகம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, வலது அடிவயிற்றில் வந்து வந்து போகும் வலி, காரணமில்லாமல் இளைத்துப்போதல், இரத்தசோகை, ஆறாத பௌத்திரம் ஆகியவை இருந்தால் மூலம் என்றோ உடற்சூடு என்றோ சொல்லி விட்டுவிடாதீர்கள்.

முடிவுக்கு முன் ஒரு கேள்வி: இது காசநோயா?

தோட்டத்துப் பெரியவர்களுக்குக் காசநோயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்த நோய் நுரையீரலில் மட்டும் வருவதல்ல, குடலிலும் வரும். அதுவும் குரோன் நோய் தாக்கும் அதே இடத்தில் வரும். அதே வலி, அதே இளைப்பு, அதே சுருக்கம். குடலுக்குள் கருவியை விட்டுப் பார்த்தாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இவ்விரண்டையும் பிரித்தறியும் அடையாளங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார்கள். அவ்வளவு நுட்பமான வேலை அது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரோன் நோய்க்கான மருந்துகள் பெரும்பாலும் எதிர்ப்பு சக்தியைத் தணிப்பவை. உள்ளே காசநோய் ஒளிந்திருக்கும்போது அவற்றைக் கொடுத்தால், உறங்கும் நெருப்பில் எண்ணெய் வார்த்ததாகிவிடும். ஆகவேதான் மருத்துவர்கள் மார்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, சதைத் துணுக்குப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். சந்தேகம் தீராவிட்டால் முதலில் காசநோய் மருந்தைச் சில மாதம் கொடுத்து, மீண்டும் குடலைப் பார்ப்பதும் உண்டு. "டாக்டருக்கே என்ன நோய் என்று தெரியவில்லை" என்று கோபித்துக்கொண்டு இடையில் நின்றுவிடாதீர்கள். அந்தப் பொறுமைதான் உங்கள் பிள்ளையைக் காக்கிறது.

மருந்தின் பக்கம்

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து. வைத்தியர் சிகிச்சையில் இறங்குமுன் மூன்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் அதில் சொல்கிறார்: நோயாளி எந்த நிலையில் இருக்கிறார், நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது, காலம் எப்படி இருக்கிறது. கத்தியா மருந்தா என்ற கேள்விக்கு இன்றைய மருத்துவ உலகம் கண்டிருக்கும் வழியும் இதுவே. ஆயினும், இந்த மூன்றையும் அளந்து பார்க்குமுன் இரு பக்கத்தின் பலமும் பலவீனமும் நமக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஸ்டீராய்டு. பிரெட்னிசொலோன் என்ற மாத்திரையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எரியும் வீட்டில் தண்ணீர் ஊற்றுவது போல் விரைவாக வேலை செய்யும். ஆனால் அதை நம்பி ஆண்டுக்கணக்கில் குடியிருக்க முடியாது. முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கிருமி எளிதில் தொற்றும். நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில் இது சிறிய விஷயமல்ல. நின்றவாக்கில் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது அசதயோபிரின் போன்ற மாத்திரைகள். இவை பலன் தர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆசிய மக்களில் சிலருக்கு உடலமைப்பின் காரணமாக இம்மருந்து வெள்ளணுக்களைக் கடுமையாகக் குறைத்துவிடும். அதனால்தான் தொடக்கத்தில் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். "ஊசி குத்தியே ஆளை வெளிறடிக்கிறார்கள்" என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, உயிரியல் மருந்துகள். அழற்சியைத் தூண்டும் ஒரு பொருளைத் தேடிப் பிடித்து அடக்கும் மருந்துகள் இவை. இன்ஃபிலிக்சிமாப் என்ற மருந்தை 1998-இல் அமெரிக்க அரசு குரோன் நோய்க்கு அனுமதித்தது. அதைச் சொட்டு ஊசியாக முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை என ஏற்றுவார்கள். அடலிமுமாப் என்பது தோலுக்கடியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. இவற்றுக்குப் பின் வேறு சிலவும் வந்திருக்கின்றன. விலை அதிகம், ஆனால் மூல மருந்துக்கு இணையான மாற்று மருந்துகள் வந்த பிறகு விலை இறங்கி வருகிறது.

இவற்றைத் தாமதிக்காமல் தொடங்குவதன் பலனைப் பிரிட்டனில் 386 புதிய நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 2024-இல் காட்டியது. நோய் தெரிந்தவுடனேயே இன்ஃபிலிக்சிமாபையும் மாத்திரையையும் சேர்த்துப் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினர், ஸ்டீராய்டும் இல்லாமல் அறுவையும் இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு நலமாக இருந்தார்கள். வழக்கப்படி படிப்படியாக மருந்தை ஏற்றியவர்களில் அப்படி இருந்தவர்கள் 15 விழுக்காட்டினரே.

இருந்தாலும் உயிரியல் மருந்து எல்லாருக்கும் கைகொடுப்பதில்லை. சிலருக்குத் தொடக்கத்திலேயே போதிய பலன் கிடைப்பதில்லை. சிலருக்குச் சில ஆண்டுகளில் பலன் குறைந்துவிடுகிறது. மிக முக்கியமாக, எந்த மருந்தாலும் தழும்பைக் கரைக்க முடியாது. ஆறிய புண் தழும்பாகி இறுகிக் குடலைக் குறுக்கிவிட்டால், அங்கே மருந்து எட்டாது.

கத்தியின் பக்கம்

"கத்தி வைத்தால் பாதி உயிர் போச்சு" என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 1956 ஜூன் மாதம், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்குக் குரோன் நோயால் குடல் அடைத்துக்கொண்டது. அதற்கு ஓராண்டுக்குள்தான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. வயது 65. வேறு வழியின்றி நள்ளிரவுக்குப் பின் அவசர அறுவை செய்தார்கள். நோயுற்ற பகுதியை வெட்டி எடுக்காமல், அதைச் சுற்றிக்கொண்டு உணவு போக மாற்றுப் பாதை ஒன்றை இணைத்தார்கள். அவர் தேறி எழுந்து அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தேர்தலில் வென்றார். 1969 வரை வாழ்ந்தார். ஒரு நாட்டின் தலைவருக்கே அந்த முடிவு அவசரத்தில்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்று நோயுற்ற குடல் துண்டைச் சிறு துளைகள் வழியாகவே வெட்டி எடுத்து, இரு முனைகளையும் இணைக்கிறார்கள். பல இடங்களில் குறுகிப்போன குடலை வெட்டி வீசாமல், குறுகிய இடத்தை நீளவாட்டில் கீறி அகலவாட்டில் தைத்து அகலப்படுத்தும் முறையும் உண்டு. இந்த முறையில் நம் பாரதத்துக்கும் பங்குண்டு. 1977-இல் இந்திய அறுவை மருத்துவர் கட்டாரியாவும் அவர் குழுவினரும் குடல் காசநோயால் வந்த சுருக்கங்களுக்கு இதைச் செய்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1982-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த லீ என்ற மருத்துவர் அதைக் குரோன் நோயாளிகளுக்குச் செய்து காட்டினார். காசநோயாளிகளுக்காகக் கண்ட வழி இன்று உலகெங்கும் குரோன் நோயாளிகளின் குடலைக் காக்கிறது.

கத்திக்கும் எல்லை உண்டு. வெட்டி எடுத்தால் நோய் தொலைந்தது என்று எண்ணக் கூடாது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் ருட்கியர்ட்ஸ் என்ற மருத்துவரின் குழு 1990-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவை முடிந்து ஓராண்டுக்குள் 73 விழுக்காட்டினரின் குடல் இணைப்பருகே மீண்டும் புண்கள் தோன்றியிருந்தன. ஆனால் அவர்களில் தொல்லையை உணர்ந்தவர்கள் 20 விழுக்காட்டினரே. வலி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று பொருளல்ல. ஆகவே, அறுவைக்குப் பின் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கருவி விட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி நோய் வரும் அபாயம் மிகுந்தவர்களுக்கு மருந்தும் தொடர வேண்டும். புகைபிடிப்பவருக்கு நோய் திரும்பும் அபாயம் இன்னும் அதிகம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 வைட்டமின் உடலில் சேர்கிறது. அப்பகுதியை நீளமாக எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் பி12 ஊசி தேவைப்படலாம். சைவ உணவில் இந்தச் சத்து முன்பே குறைவு. நம் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு

நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் 29 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய லிரிக் என்ற ஆய்வு 2017-இல் வெளியானது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும், 40 சென்டிமீட்டருக்குக் குறைவான நீளத்தில் நோய் இருந்து, வழக்கமான மருந்துக்கு அடங்காத 143 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்குவது போல் ஒரு பாதியினருக்குச் சிறுதுளை அறுவை. மறு பாதியினருக்கு இன்ஃபிலிக்சிமாப். ஓராண்டு முடிவில் இரு சாராரின் வாழ்க்கை நலமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அதோடு நிற்காமல் சுமார் ஐந்து ஆண்டு கவனித்து 2020-இல் அதன் முடிவையும் வெளியிட்டார்கள். முதலில் அறுவை செய்துகொண்டவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பின்னர் உயிரியல் மருந்து தேவைப்பட்டது. அதுவரை எவருக்கும் இரண்டாவது முறை குடலை வெட்ட வேண்டி வரவில்லை. முதலில் மருந்து எடுத்தவர்களில் 48 விழுக்காட்டினர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். மீதமிருந்தவர்கள் மருந்திலேயே தொடர்ந்தார்கள்.

இதன் பொருள் எல்லாரும் கத்தியைத் தேடிப் போக வேண்டும் என்பதல்ல. அறுவை என்பது மருந்தெல்லாம் தோற்ற பிறகு வரும் கடைசித் தண்டனை என்ற எண்ணம் தவறு என்பதே இதன் பொருள். பொருத்தமான நோயாளிக்கு அது முதல் வரிசையிலேயே வைத்துப் பேச வேண்டிய சிகிச்சை.

மூன்று வீடுகள்

வள்ளுவர் சொன்ன மூன்று அளவுகளை நம் வட்டாரத்து வீடுகளில் பொருத்திப் பார்ப்போம். இவை கற்பனை வீடுகள்தான், யாரையும் குறிப்பவையல்ல.

முதல் வீட்டில் 24 வயது இளைஞர். நீலாய்த் தொழிற்சாலையில் வேலை. சிறுகுடலின் கடைசி 20 சென்டிமீட்டரில் மட்டும் அழற்சி. மாத்திரைக்கு அடங்கவில்லை. இவருக்கு இரண்டு வழியும் உண்மையாகவே திறந்திருக்கின்றன. எட்டு வாரத்துக்கு ஒருமுறை விடுப்பெடுத்துச் சொட்டு ஊசிக்குப் போக முதலாளி விடுவாரா? அந்த மருந்து இடையறாது கிடைக்குமா? காசநோய்ப் பரிசோதனையில் ஏதும் தெரிந்ததா? ஒரு முறை அறுவை செய்துகொண்டு சில வாரம் ஓய்வெடுப்பது அவருக்கு எளிதா? இவற்றுக்கெல்லாம் விடை தெரிந்தவர் அவரும் அவர் குடும்பமுமே. ஆகவே, முடிவில் அவருக்கும் பங்கு வேண்டும்.

இரண்டாம் வீட்டில் 38 வயது தாய். பல ஆண்டு நோய். சாப்பிட்டவுடன் வயிறு உப்பி, சுருட்டி வலித்து, வாந்தி வருகிறது. ஸ்கேனில் குடல் தழும்பேறிக் குறுகி, அதற்கு மேலே வீங்கியிருக்கிறது. இங்கே நோய் முற்றிய அளவுதான் முடிவைச் சொல்கிறது. மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் காலம் வீணாகும். திட்டமிட்டு, சத்தூட்டி, ஸ்டீராய்டைக் குறைத்து, நல்ல நாளில் அறுவை செய்துகொள்வது ஒன்று. குடல் வெடித்துச் சீழ் பரவிய பிறகு செய்வது வேறு. இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து; வயிற்றில் மலப்பை வைக்க வேண்டிய வாய்ப்பும் அதிகம். அந்தப் பையும் பலருக்குத் தற்காலிகமே என்பதையும் சொல்லி வைக்கிறேன். சீழ்க்கட்டி இருந்தால், முடிந்தவரை முதலில் ஊசிக்குழாய் வழியாகச் சீழை வெளியேற்றிக் கிருமியை அடக்கி, உடம்பைத் தேற்றிய பிறகே குடலில் கை வைப்பார்கள்.

மூன்றாம் வீட்டில் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் சிறுமி. சிறுகுடலின் பல பகுதிகளில் நோய் பரவியிருக்கிறது. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை. இவ்வளவு நீளத்தை வெட்டினால் உணவை உறிஞ்சக் குடல் மிஞ்சாது. இங்கே மருந்தே முதல் துணை. குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை சாதாரண உணவை நிறுத்தி, சத்துத் திரவத்தை மட்டும் கொடுத்தே அழற்சியைத் தணிக்கும் முறையும் உண்டு. வளரும் பருவம் திரும்பி வராது. காலம் என்ற அளவு இந்த வீட்டில்தான் மிகக் கடுமையானது.

ஒரே நோய்தான். ஆனால் மூன்று வீட்டுக்கும் மூன்று முடிவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு அறுவை செய்து குணமானது என்பதால் நமக்கும் அதுவே என்றோ, உறவினர் ஒருவர் அறுவையில் சிரமப்பட்டார் என்பதால் நமக்கு அது வேண்டாம் என்றோ முடிவு கட்டக் கூடாது.

மருத்துவரிடம் கேளுங்கள்

டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் நினைப்பதுண்டு. டிரெசர் கொடுத்த மருந்தை வாய் பேசாமல் வாங்கிக்கொண்ட பழக்கம். இந்த நோயில் கேட்பது நம் கடமை. ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

1. நோய் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்தில் இருக்கிறது?
2. குறுகலுக்குக் காரணம் அழற்சியா, தழும்பா?
3. காசநோய் இல்லை என்று உறுதியாகிவிட்டதா?
4. இந்த மருந்து பலன் தருகிறதா என்பதை எப்போது, எப்படி முடிவு செய்வீர்கள்? தராவிட்டால் அடுத்தது என்ன?
5. குடல் நோய் நிபுணரும் அறுவை நிபுணரும் சேர்ந்து பேசினார்களா?

ஐந்தாவது கேள்வி மிக முக்கியம். மருந்து மருத்துவர் மட்டும் பார்த்தால் மருந்தின் பக்கமும், அறுவை மருத்துவர் மட்டும் பார்த்தால் கத்தியின் பக்கமும் எண்ணம் சாயலாம். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசுவதே நோயாளிக்குப் பாதுகாப்பு.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. வலி நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்லோபினாக் போன்ற மாத்திரைகள் இந்தக் குடலுக்கு ஆகாது. விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத மூலிகைத் தூள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருக்க விரும்பும் நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீரும் அருந்தாமல் இருப்பதும், விரதத்துக்காக மாத்திரையைத் தள்ளிப்போடுவதும் வேண்டாம். குடல் குறுகியவர்கள் தோல், விதை, நார் மிகுந்த காய்கனிகளைக் குறைத்துக்கொள்வது நல்லது. முருகப் பெருமானுக்கு வேண்டியது நம் பக்திதான். நம் குடலின் வேதனை அல்ல.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் இப்பெண்கள் கருத்தரித்து நல்ல குழந்தை பெறலாம். எந்த மருந்தை மாற்ற வேண்டும் என்பதை முன்பே மருத்துவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து கர்ப்பத்தில் அறவே கூடாது. மறைத்து நடத்தும் கல்யாணத்தை விடச் சொல்லி நடத்தும் கல்யாணம் மேல். மருந்தைக் கணவன் வீட்டில் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டிய நிலை வந்தால், முதலில் நின்றுபோவது மருந்துதான்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க நாம் செலுத்தும் கட்டணம் சில வெள்ளிதான். ஆனால் நோயாளியின் செலவு அங்கே முடிவதில்லை. செம்பனைத் தோட்டத்து உள்சாலையிலிருந்து லாபு ரயில் நிலையம் வரை வண்டி வேண்டும். அங்கிருந்து கொமுட்டர் ஏறிச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ கோலாலம்பூருக்கோ போய் வர வேண்டும். கூட ஒருவர் போனால் இருவரின் ஒரு நாள் கூலி போய்விடும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சொட்டு ஊசியை ஒரு தடவை தவறவிட்டு, பிறகு இன்னொரு தடவையும் தவறவிட்டால், அந்த மருந்துக்கு எதிராக உடலே திரும்பிவிடக்கூடும். விலை உயர்ந்த மருந்து பயணச் செலவு இல்லாததால் பாழாவது எவ்வளவு பெரிய துயரம்!

இங்கேதான் நம் அறவாரியம் கைகொடுக்க முடியும். மருந்து வாங்கிக் கொடுக்கும் வசதி நமக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் போக்குவரத்துக்கு வழி செய்யலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் சத்துத் திரவம் வாங்க உதவலாம். மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவுக்கும், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும், சொக்சோவுக்கும் மனு எழுதித் தர எழுத்தறிந்த இளைஞர்களை ஏற்பாடு செய்யலாம். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தாய்மாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் உடன் போகலாம். இவற்றில் எதற்கும் கோபுரம் கட்டும் அளவுக்குப் பொருள் தேவையில்லை.

நான் குறிப்பிட்ட அதே அதிகாரத்தின் நிறைவில், மருத்துவம் நான்கு கால்களில் நிற்பது என்று வள்ளுவர் வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். முதல் மூவரும் மருத்துவமனையில் இருக்கிறார்கள். நான்காமவர் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். கத்தியா மருந்தா என்று ஒரு குடும்பம் தவிக்கும்போது, அந்தக் குடும்பம் தனித்து நிற்கவில்லை என்ற தெம்பை அவரால் கொடுக்க முடியும். காலம் கடந்து போகுமுன் முடிவெடுக்க வைக்கவும் முடியும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் உங்கள் இல்லங்களில் நோய் நொடி நீங்கி நலம் நிலைக்கட்டும்.